பன்னிரண்டாம் கேள்வி

என் பெயருக்கு முன்னால் ஒரு டாக்டர் இருக்கிறது. அது மாட்டு டாக்டர். அதற்கு முன்னால் முனைவர் பட்டத்து டாக்டர் ஒன்றும் வந்து உட்கார்ந்திருக்க வேண்டியது. தளவாய்புரம் வரைக்கும் வந்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டது. யார் மேலாவது பழியைப் போட முடியுமா என்று நாலு வருடமாக யோசிக்கிறேன், என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேலை ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில். கணவர் ஜெபராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் தட்டச்சர். தினமும் பஸ்ஸில் போய், ஊசி போட்டு, மாட்டிடம் உதை வாங்கி, பஸ்ஸில் திரும்பி வருவதற்கு நடுவே பகுதி நேரமாக ஒட்டுண்ணியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஒட்டுண்ணியியல் என்றால் என்ன என்று விருந்தாளிகள் கேட்பார்கள். ஆட்டு வயிற்றில் இருக்கிற புழுக்களைப் பற்றிய படிப்பு என்று சொல்வேன். (அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதுதான்.)

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஓர் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. என் பதிவுக் காலம் முடிய ஒரு வருடம்தான் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை கெஞ்சி நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனிமேல் தர மாட்டார்கள். ஒரே ஒரு கட்டுரை வந்துவிட்டால் ஆறு வருட உழைப்பு பிழைக்கும், வராவிட்டால் அத்தனையும் குப்பை. அந்த வருடம் முழுக்க எனக்குத் தூக்கத்திலும் அதே நினைப்பு.

கட்டுரை எழுதாமல் இல்லை. ராஜபாளையம் வட்டார ஆடுகளின் வயிற்றில் என்னென்ன புழுக்கள் இருக்கின்றன என்று நேர்மையாக எழுதி நாலு ஆய்விதழ்களுக்கு அனுப்பினேன். ஒருவர் ‘இதில் புதிதாக ஒன்றும் இல்லை’ என்றார். இன்னொருவர் என் ஆங்கிலத்தைத் திருத்தச் சொன்னார், அவருடைய ஆங்கிலத்தை யார் திருத்துவது என்று தெரியவில்லை. மூன்றாமவர் ‘தலைப்பில் ராஜபாளையம் என்று இருக்கிறது, கட்டுரையில் நாயைக் காணோமே’ என்று வருத்தப்பட்டிருந்தார். நாலாவது இடத்திலிருந்து பதிலே இல்லை.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவர் நிதானமாக, “புழு இருக்குன்னு சொன்னா யாரும்மா படிப்பாங்க? சேலை மாதிரிதான் இதுவும், வருஷத்துக்கு ஒண்ணு ஓடும். போன வருஷம் உண்ணி ஓடுச்சு. இப்ப எல்லா இதழ்லயும் மருந்துக்கு மசியாத புழுதான். நீயும் அதையே பிடி” என்றார்.

பிடித்தேன். ஆடு வளர்ப்பவர்கள் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை புழு நீக்க மருந்து கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அந்த ஆடுகளின் புழுக்கையை எடுத்து வந்து புழு முட்டைகளை எண்ண வேண்டும். மருந்து கொடுத்தும் முட்டை குறையவில்லை என்றால் புழு மருந்துக்கு மசியவில்லை என்று அர்த்தம், உடனே கட்டுரை.

பேராசிரியர் அனுப்பிய கேள்வித்தாளில் பன்னிரண்டாவது கேள்வி, ‘கால்நடைகளுக்குக் குடற்புழு நீக்க மருந்து எவ்வளவு கால இடைவெளியில் வழங்கப்படுகிறது?’ என்று இருந்தது. படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது எந்த ஊர்ப் பேச்சு? ‘வழங்கப்படுகிறது’ என்றால் வழங்குகிறவனுக்கே புரியாதே! மக்கள் பாஷையில் கேட்க வேண்டும் என்று வீறாப்போடு பேனாவை எடுத்து, ‘பூச்சி மருந்து எத்தனை நாளைக்கு ஒருக்கா?’ என்று மாற்றினேன். சின்ன வயதில் நான் தூக்கத்தில் பல்லைக் கடித்தால், வயிற்றில் பூச்சி இருக்கிறது என்று பூச்சி மருந்துதான் கொடுப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் டவுனுக்குள்ளேயே வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதாகத் தோன்றவே இல்லை. அதோடு விட்டேனா? கேள்வித்தாள் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று நிலம், பயிர் பற்றிய கேள்விகளுக்கு அடியில் இதைக் கொண்டுபோய்ச் சொருகினேன். பேராசிரியர், “எதுக்கும் பழைய வார்த்தையே இருக்கட்டுமேம்மா” என்றார். “சார், எங்க சனங்களப் பத்தி எனக்குத் தெரியும்” என்றேன். (இந்த வாக்கியத்தை யாராவது சொல்லக் கேட்டால் இப்போதும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.)

மருந்தகத்துக்குப் பக்கத்து ஊரான தளவாய்புரத்தில் முதலில் சிக்கியவர் பேச்சியம்மாள். என் வயதுதான் இருக்கும். ஏழெட்டு ஆடுகளும் கொஞ்சம் நிலமும் வைத்திருந்தார். வரப்போரத்தில் நின்றுகொண்டே கேள்விகளை ஆரம்பித்தேன்.

“என்ன பயிர் போட்டிருக்கீங்க அக்கா?”

“பருத்தி டாக்டரம்மா.”

“பூச்சி மருந்து எத்தன நாளைக்கு ஒருக்கா?”

“வாரத்துக்கு ஒருக்கா. பூச்சி சாஸ்தியா இருந்தா ரெண்டு தடவ.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தாலே பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன்.

“வாரத்துக்கா?”

“பின்ன? அசந்தா ஒண்ணு மிஞ்சாதும்மா.”

“அளவு எம்புட்டு?”

“டேங்குக்கு ரெண்டு மூடி. வெயில் ஏறுமுன்ன அடிச்சிரணும். காத்து வீசுனா அடிக்கக் கூடாது.”

இந்த இடத்தில் புத்தியுள்ள எவருக்கும் விளங்கியிருக்கும். நான் என்ன செய்தேன்? ‘டேங்க்’ என்றால் ஆடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி என்று எழுதிக்கொண்டேன். ‘அடிப்பது’ என்றால் ஆட்டின் வாய்க்குள் குழாயால் மருந்தைப் பீய்ச்சுவது என்று எழுதிக்கொண்டேன், இவ்வளவு நவீனமாக இருக்கிறார்களே என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். காற்று வீசும்போது ஆட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்பது இதுவரை எந்தப் புத்தகத்திலும் வராத மரபு அறிவு என்று அடிக்கோடு போட்டுக்கொண்டேன். அடுத்தடுத்து நாற்பது பேரைக் கேட்டேன். பருத்திக்கு மருந்தடிக்கும் சமயமாகப் பார்த்துப் போயிருக்கிறேன் போலும், அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். தரவுகள் இவ்வளவு அழகாக ஒத்துப்போகின்றனவே என்று மெய்சிலிர்த்தது.

புழுக்கையைப் பாலித்தீன் பையில் கட்டி எடுத்துவந்து வீட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், எங்கே பார்த்தாலும் முட்டை.

“ஏங்க, வாரா வாரம் மருந்து குடுத்தும் சாகவே மாட்டேங்குதுங்க!” என்று கத்தினேன்.

ஜெபராஜ் பதறி ஓடிவந்து, “யாரு?” என்றார்.

“புழு!”

“இதுக்கா இம்புட்டு சந்தோசம்?” என்று கேட்டுவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

கட்டுரையை எழுதி அனுப்பினேன். மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேரும் கொண்டாடிவிட்டார்கள். காற்றைப் பற்றிய பத்தியை ஒருவர் தனியாகப் பாராட்டி, இன்னும் விரிவாக எழுதச் சொன்னார். அதையும் எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தது. ஜெபராஜ் அரைக் கிலோ பால்கோவா வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார். ஆய்வேட்டைக் கட்டிக் கொடுப்பதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கால்நடை வளர்ப்போர் கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். பேராசிரியரும் வந்து மேடையில் உட்கார்ந்தார். தளவாய்புரத்துக்காரர்களை ஒரு வேனில் ஏற்றி நானே அழைத்துவந்தேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அதுவரை என் ஆராய்ச்சி முடிவு முழுக்க ஆங்கிலத்தில்தான் இருந்தது. முதல்முறையாக அதைத் தமிழில் சொன்னேன்.

“நீங்க எல்லாரும் வாரா வாரம் ஆட்டுக்குப் பூச்சி மருந்து குடுக்கீங்க. அது ரொம்பத் தப்பு. உடனே நிறுத்தணும்.”

பின்வரிசையில் பேச்சியம்மாள் எழுந்தார்.

“ஏத்தா டாக்டரம்மா, என்ன சொல்லுதீக? ஆட்டுக்கா?”

“ஆமாக்கா, நீங்கதான சொன்னீங்க.”

“ஆத்தீ! நான் பருத்திக்கில்லா சொன்னேன்! அத ஆட்டு வாயில ஊத்துனா ஆடு பொழைக்குமா?”

எனக்குப் பின்னால் திரையில் ‘டேங்குக்கு இரண்டு மூடி’ என்று கொட்டை எழுத்தில் நின்றது. அதைப் படித்த ஒருவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். இன்னொருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “அந்தம்மா ஆட்டுக்கு மருந்தடிக்கச் சொல்லுதா, எந்திரிலே போவோம்” என்றது எனக்கு நன்றாகவே கேட்டது. பிறகு சிரிப்பு கிளம்பியது. மண்டபத்தில் சாப்பாடு பரிமாற நின்ற ஆட்கள்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

சிரிப்போடு முடிந்திருந்தால் தேவலை. நான், “அப்ப ஆட்டுக்கு என்னதான் குடுக்கீங்க?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“என்னத்தக் குடுக்க? ஒண்ணுங் குடுக்கல. குட்டிக கழிஞ்சுக்கிட்டே கெடந்துச்சு, தாடையில தண்ணி கோத்துப் போச்சு. ரெண்டு தடவ மருந்து வாங்க ஒங்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டரம்மா புழுக்க எடுக்கப் போயிருக்காக, பொறவு வான்னாக. ரெண்டு குட்டி செத்துப்போச்சு” என்றார் பேச்சியம்மாள். அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

என் புழுக்கள் மருந்துக்கு மசியாதவை இல்லை, மருந்தையே பார்க்காதவை. பார்க்க விடாமல் ஊர் ஊராகப் புழுக்கை பொறுக்கிக்கொண்டு திரிந்தது நான். புழு முற்றித் தாடை வீங்கிய அந்தக் குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு நல்ல மாதிரி கிடைத்தது என்று அவற்றிடமும் புழுக்கை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு மேடையில் எனக்கு வந்த வெட்கத்தில் இந்தப் பங்குதான் இன்னும் போகாமல் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் பேராசிரியர் என்னைக் கை கழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“ஒரு வார்த்தைதானேம்மா மாறிப்போச்சு. விட்டுடு. கட்டுரை இங்கிலீஷ்ல இருக்கு. அத யாரு தளவாய்புரத்துக்கு வந்து சரிபார்க்கப் போறான்? பட்டத்த வாங்கிட்டு அப்புறம் உண்மையா ஆராய்ச்சி பண்ணு.”

நான் உடனே முடியாது என்று சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஆறு வருடம், கெஞ்சி வாங்கிய நீட்டிப்பு, கையில் ஏற்புக் கடிதம். ஒருநாள் சாப்பிடும்போது ஜெபராஜிடம் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “எங்க கோர்ட்ல சாட்சி சொன்னத சொன்னபடிதான் அடிக்கணும். எனக்குப் புரிஞ்சபடி அடிச்சா என் வேலை போயிரும். ஒனக்கு எப்படியோ, நீயே பாத்துக்கோ” என்றார். ரசத்தை ஊற்றிக்கொண்டார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

மறுநாள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஆய்விதழுக்கு எழுதினேன். ‘தங்கள் சிறப்பான பங்களிப்புக்கு நன்றி’ என்று பதில் வந்தது. திரும்பவும் எழுதினேன், வாழ்த்து அனுப்பினார்கள். நிராகரிக்கச் சொல்லாமலே மற்ற இடங்களில் நிராகரித்தார்கள், நிராகரிக்கச் சொல்லிக் கெஞ்சினால் மாட்டேன் என்கிறார்கள்! ஐந்தாவது கடிதத்தில் பருத்தி, டேங்க், காற்று எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிய பிறகுதான் கட்டுரையை நீக்கினார்கள். அடுத்த சில மாதங்களில் என் பதிவு காலாவதியானதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒற்றை வரியில் தகவல் வந்தது. நான் அழுதேன். ஜெபராஜ் பக்கத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இது முடியவே இல்லை. தலைவலி மாத்திரையை நீட்டினால்கூட அவர் வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, “எனக்கா, பருத்திக்கா?” என்பார். கிறிஸ்துமஸுக்கு வரும் சொந்தக்காரர்கள் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார்கள், காற்றைப் பற்றிய இடத்தை இரண்டு தடவை. நானும் சொல்லிவிடுகிறேன். சண்டை போடத் தெம்பு இல்லை.

மருந்தகத்தில் சனிக்கிழமைதோறும் ஆடுகளுக்குப் புழு மருந்து ஊற்றுகிறோம். அன்றைக்கு நான் எங்கும் போவதில்லை. பேச்சியம்மாள் தவறாமல் வருவார். ஆட்டின் வாயைப் பிளந்து பிடித்துக்கொண்டு, வரிசை மொத்தத்துக்கும் கேட்கும்படி, “இது ஆட்டுக்குத்தானத்தா?” என்பார். “ஆட்டுக்குத்தான் அக்கா” என்று நான் சொன்ன பிறகுதான் பிடியைத் தளர்த்துவார். அவரைப் பார்த்து அடுத்தவரும் கேட்க ஆரம்பித்து, இப்போது வரிசையில் நிற்கும் எல்லோருமே கேட்கிறார்கள். போன சனிக்கிழமை சேத்தூர்ப் பக்கமிருந்து ஒருவர் புதிதாக வந்திருந்தார். முன்கதை எதுவும் தெரியாது. தன் முறை வந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வந்தால் இப்படிக் கேட்பதுதான் மரியாதை போலிருக்கிறது என்று, பணிவாக அதே கேள்வியைக் கேட்டார். ஆட்டுக்குத்தான் ஐயா என்று சொல்லிவிட்டு ஊற்றினேன்.