இடது மூக்கின் சம்மதம்

வலது அக்குளில் சுருட்டிய பேப்பரைச் செருகிக்கொண்டு நீலகண்டன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அப்படி அமுக்கினால் இடது மூக்கில் மூச்சு ஓடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஓடவில்லை.

"ஏன்னா, கைலாஷாத்துலேருந்து ரெண்டு தடவை போன் வந்தாச்சு. என்ன சொல்லட்டும்?" என்றாள் மனைவி அனந்தலக்ஷ்மி.

"கொஞ்சம் பொறு. இன்னும் வலதுலதான் ஓடறது."

கல்யாணத்துக்குத் தலையாட்டுமுன் சரம் பார்ப்பது அவர் குடும்ப வழக்கம். மூக்கின் கீழே விரலை வைத்தால் மூச்சு இடப்பக்கம் ஓட வேண்டும். வலப்பக்கம் ஓடினால் அந்தச் சம்பந்தம் வேண்டாம். மகள் ஆஷாவுக்கு வந்த ஏழு வரன்களை அவர் மூக்கு இப்படித்தான் திருப்பி அனுப்பியது. அவளுக்கு இப்போது முப்பத்திமூன்று. கைலாஷ் எட்டாவது வரன்.

"நம்ம கல்யாணத்துக்கு உங்கப்பா தன் மூக்கைத்தான் பாத்தார், உங்க மூக்கை இல்லை. அதனால நான் தப்பிச்சேனாக்கும்," என்றாள் அனந்தலக்ஷ்மி.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சிட்டிகை மிளகுப்பொடியை இடது மூக்கில் வைத்து இழுத்தார். பதினேழு தும்மல். பதினெட்டாவதில் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் மலையாளி டாக்டர் சுப்ரியா ஸ்கேன் படத்தைக் காட்டினாள்.

"அங்கிளே, மூக்குக்கு நடுவில உள்ள சுவர் இடப்பக்கம் வளைஞ்சு அடைச்சுக் கிடக்கு. வலப்பக்கம் இடம் காலியாச்சு இல்லையா, அங்க இந்த எலும்பு காத்து நிறைஞ்சு பூரி மாதிரி உப்பியிருக்கு. நிறையப் பேருக்கு இது ரெண்டும் ஜோடியாத்தான் காணும், கேட்டோ."

"அப்போ இடதுல மூச்சு?"

"சின்ன வயசிலிருந்தே சரியா ஓடியிருக்காது."

நீலகண்டனுக்கு அந்த ஏழு பையன்களும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். ஒருவனிடமும் குறை இல்லை. கோணல் அவருடைய எலும்பில்.

மன்னிப்பாவது கேட்போம் என்று முதலாமவன் ராகேஷைக் கூப்பிட்டார். "பரவாயில்லை மாமா, என் பையன் நாலாங்கிளாஸ் படிக்கறான்," என்றான் அவன். இரண்டாமவன் ஸ்ரீனிவாசனின் போனை அவன் மனைவி எடுத்தாள். அது தெரியாமல், "ஆஷாவை அன்னிக்கே உனக்குக் குடுத்திருக்கணும்ப்பா," என்று இவர் தழுதழுக்க, "எந்த ஆஷா?" என்றாள் அவள். மூன்றாமவனைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

கைலாஷ் வீட்டில் கெஞ்சி ஒரு மாதம் அவகாசம் வாங்கினார். சுவரை நிமிர்த்த நாள் குறித்தார். "இந்த வயசுல மூக்குல கத்தி எதுக்குப்பா?" என்று ஆஷா எவ்வளவோ தடுத்தாள். காரணம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் வாரம், சுப்ரியா மூக்கைச் சுத்தம் செய்து அனுப்பினாள். வராந்தாவில் நின்று விரலை வைத்தார். இடப்பக்கம் ஜில்லென்று மூச்சு ஓடியது. அங்கிருந்தே கைலாஷின் அப்பாவுக்குப் போன் செய்தார். "பூர்ண சம்மதம். தையிலேயே வெச்சுக்கலாம்."

ஆபீஸிலிருந்து வந்த ஆஷாவை வாசலிலேயே நிறுத்தினார்.

"அப்பாவை மன்னிச்சுடும்மா. உன்னோட பத்து வருஷத்தை என் மூக்கு தின்னுடுத்து. இனிமே கவலையில்லை. கைலாஷாத்துல சரின்னு சொல்லிட்டேன். மண்டபம் பாக்கப் போயிருக்கா."

ஆஷா பையைத் தோளிலிருந்து இறக்காமலே படியில் உட்கார்ந்தாள்.

"நீங்க தூங்கறச்சே மூக்குக்குக் கீழ கண்ணாடியை வெச்சுப் பாத்து, இடது பக்கம் அடைப்புன்னு பத்தாங்கிளாஸ்லயே எனக்குத் தெரியும்ப்பா; கல்யாணமே வேண்டாம்னு வாயால சொல்லி உங்களை நோகடிக்க வேண்டாம்னு, அந்த மூக்கை நம்பித்தானே இத்தனை வருஷம் இருந்தேன்."