எறும்புகளுக்கு நான் போட்ட விருந்து

என்னை எறும்புகளின் காவலன் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். அதுகளின் வம்சத்தையே அழிக்கக் கிளம்பியவன் நான். இந்த வால்மோர் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

காரணம் இருக்கிறது. எங்கள் தென் பிரேசில் எறும்பு சர்க்கரைக்கு வராது. இலையை வெட்டித் தலைமேல் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும். ஒரே ராத்திரியில் இருநூறு முட்டைக்கோஸ் கன்றுகளை மொட்டையடித்துவிட்டன.

"ஜுரேமா! வெறும் தண்டுதான் நிக்குது, பாத்தியா?"

"பாத்தேங்க. எறும்புக்கும் வயிறு இருக்கில்ல?"

"எனக்கு இல்லையா?"

"உங்களுக்கா? அது வாசல் வரைக்கும் வருதே!"

கட்டின புருஷனைவிட எறும்பு உசத்தி! கொதித்துப் போனேன். நேராக டவுனுக்குப் போய் எறும்பு விஷம் ஒரு பொட்டலம் வாங்கினேன். கொட்டகையில் என் பழைய பூட்ஸுக்குள் ஒளித்தேன்.

விஷயம் வெளியே தெரிந்தால் தொலைந்தேன். எங்கள் இயற்கை விவசாயக் குழுவில் ஏழு குடும்பம். ஒருவர் தோட்டத்தை மற்றவர்களே போய்ச் சோதித்து, 'விஷமில்லாத விளைச்சல்' என்று முத்திரை கொடுப்போம். ஒரு வீட்டில் விஷம் சிக்கினால் ஏழு வீட்டு முத்திரையும் போச்சு. சனிக்கிழமைச் சந்தையில் யாரும் கடை போட முடியாது.

மறுநாள் காலை பொட்டலத்தை எடுத்தேன். வாய் பிரிந்திருந்தது. கடைக்காரனைத் திட்டினேன். உள்ளே மஞ்சளாகக் குருணை. விஷம் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. தினமும் ஒரு கை புற்று வாசலில் தூவினேன். எறும்புகள் மரியாதையாகத் தூக்கிக்கொண்டு போயின. புதிதாக நட்ட கன்றுகளை ஒன்றும் தொடவில்லை. ஆனால் செத்த எறும்பு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. உள்ளே போய்ச் செத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் குழு சோதனைக்கு வந்தது, வீட்டுக்கு ஒருவராக ஆறு பேர். மூத்தவர் அதெலாரை என் மனைவி எங்கே கூட்டிப் போனாள் தெரியுமா? நேராகப் புற்றுக்கு! கையில் என் பூட்ஸ்!

அதெலார் பூட்ஸுக்குள் இருந்த பொட்டலத்தில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். முகர்ந்தார். வாயில் போட்டார்.

"ஐயோ, துப்புங்கண்ணே! துப்புங்க!" என்று அலறினேன்.

"ஏன்யா?"

ஜுரேமாவையும் சேர்த்துப் பதினாலு கண் என்னைப் பார்த்தது. ஜுரேமா நிதானமாகச் சொன்னாள்: "சோளக் குருணைதாண்ணே. எறும்புக்கு வச்சதை நீங்க திங்கிறீங்களேன்னு அவருக்குப் பொறுக்கல."

"எறும்புக்கா?"

"வயிறு நிறைஞ்சா பயிருக்கு வராதாம். இவர் யோசனை. தினமும் இவர் கையாலதான் போடுறார். நீங்களே சொல்லுங்களேங்க!" என்று என் பக்கம் திரும்பினாள்.

என்னத்தைச் சொல்ல? விஷம் என்றால் முத்திரை போகும். தலையாட்டினேன்.

அதெலார் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இவனைப் போய் இத்தனை நாள் சோம்பேறின்னு நினைச்சோமே! வால்மோர், இனி ஞாயித்துக்கிழமைதோறும் எங்க ஆறு தோட்டத்துக்கும் நீதான் வரணும்!"

"ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் மேட்ச்..."

"அவர் வருவார்ணே" என்றாள் ஜுரேமா.

அவர்கள் போனதும் பாய்ந்தேன். "எப்படி மாத்தின?"

"வாங்கின அன்னிக்கே கடையில திருப்பிக் குடுத்துட்டு, அதே மாதிரி காலிப் பொட்டலம் ஒண்ணு வாங்கிச் சோளக் குருணை போட்டு வச்சேன். பதினெட்டு வருஷமா எதை ஒளிச்சாலும் அந்த பூட்ஸ்லதானே ஒளிக்கிறீங்க!"

இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள். ஊரே பந்து பார்க்கும் நேரத்தில் நான் சோள மூட்டையோடு புற்றுப் புற்றாக அலைகிறேன். வீட்டில் எனக்குச் சோறு, எறும்புகள் சாப்பிட்ட பிறகுதான்.