சைடு போஸ் அக்காவும் எகிப்துப் படகும்

விருத்தாசலத்தில் யாருக்கு எப்படிப்பட்ட மூக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரே ஆள் சைடு போஸ் அக்காதான். டவுன் பஸ் கண்டக்டர் முதல் கரண்ட் மீட்டர் பார்க்க வருபவர் வரை ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவருக்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி நீங்கள் பீங்கான் பட்டறைகள் இருக்கும் செராமிக் எஸ்டேட்டில் விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று டீக்கடையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சைடு போஸ் என்று கேளுங்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு வருவார்கள்.

நான் அந்த எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு ஸ்டூலும். பீங்கான் ஃபியூஸ், கொலு பொம்மை, கிறிஸ்துமஸ் குடில் செட், இவைதான் எங்கள் சரக்கு. அக்கா கலர் அடிக்கும் பெண்களுக்குத் தலைவி. ஐம்பது வயதிருக்கும். கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். கட்டிய புருஷனைத் திட்டுவதுபோல் சூளையைத் திட்டுவார். பொம்மைகளிடம் மட்டும் அன்பாக இருப்பார். ஒரு வருஷம் குடில் செட்டில் மூன்று ராஜாக்களில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி வரைந்துவிட்டார். முதலாளி பதறிப்போய்க் கேட்டதற்கு, அவ்வளவு தூரம் நட்சத்திரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தவருக்குக் கண் கெடாமல் இருக்குமா என்று திருப்பிக் கேட்டார்.

பிளாஸ்டிக் வந்து பீங்கான் ஃபியூஸை ஓரங்கட்டிய பிறகு எங்கள் யூனிட் தள்ளாட ஆரம்பித்தது. பொங்கல் கழிந்ததும் ஷட்டரை இறக்கிவிடலாம் என்று முதலாளி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் எகிப்து வந்தது.

கொண்டுவந்தவர் ஒரு டிசைனர் மேடம். சென்னைப் பெண், கொச்சியில் படகு கட்டும் இடத்தில் வேலை. அங்கே ஒரு பணக்காரக் குடும்பத்துக்குச் சொகுசுப் படகு தயாராகிக்கொண்டிருந்தது. ஹாலும் படுக்கையறையும் பாத்ரூமும் பழைய எகிப்து அரண்மனை மாதிரி இருக்க வேண்டுமாம். மேடம் லேப்டாப்பைத் திறந்து விளக்கினார். அந்தக் காலத்திலேயே எகிப்துக்காரர்கள் மணலோடு செம்புச் சத்தைச் சேர்த்துச் சுட்டு, வானத்தைப் பிய்த்துவைத்த மாதிரி ஒரு நீலம் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த நீலத்தில் சுவர் ஓடு வேண்டும். வெளிச்சம் ஊடுருவும் ஒருவகைக் கல்லில் விளக்கு செய்திருக்கிறார்கள். கல் படகுக்குக் கனம், அதனால் மெல்லிய பீங்கானில் அதே மாதிரி விளக்கு வேண்டும். தாமரை மொட்டுத் தலை வைத்த தூண், ஓரமெல்லாம் தங்க ரேக்கு. பாத்ரூம் சுவருக்குத் தாமரையும் வாத்தும். ஹாலின் பெரிய சுவருக்கு மட்டும் ஒரு பெரிய சித்திரம். நைல் நதியில் ஒரு படகு, அதில் ஆட்கள்.

முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு படகுக்கு வேலை செய்யப்போகிறோம் என்ற பயம் எங்களுக்குத்தான். அக்கா மட்டும் படங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாப்பா, எல்லாரும் சைடுலயே நிக்கிறாங்களே, ஒருத்தருக்கொருத்தரு பேச்சுவார்த்தை இல்லியா?"

மேடம் சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னார். எந்த உறுப்பு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியுமோ அந்தப் பக்கத்திலிருந்து வரைவது அவர்கள் வழக்கம். முகம் பக்கவாட்டில், கண் நேராக, தோள் நேராக, கால் மறுபடியும் பக்கவாட்டில். அக்காவுக்கு அது மனதில் ஆணி அடித்தமாதிரி பதிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து யூனிட்டுக்குள் யார் வந்தாலும் சைடு போஸ். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரைச் சுவரோரம் நிறுத்தி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, தோளை மட்டும் இந்தப் பக்கம் முறுக்கச் சொன்னார். அந்த மனிதர் கழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப்போனார். டீ கொண்டுவந்தவர் டிரேயைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றதில் டீ ஆறி ஏடு படிந்தது. ஸ்கூட்டி ரிப்பேரான ஒரு நாள், பஸ்ஸில் முன் சீட்டில் நல்ல மூக்கு ஒன்று கிடைத்தது என்பதற்காக, அக்கா இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அந்த மூக்கு இறங்கும்வரை போய்விட்டு வந்தார். கலர் அடிக்கும் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில்கூட வரிசையாகப் பக்கவாட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த வாரமே பெயர் விழுந்துவிட்டது.

நானும் ஆசையோடு போய் நின்றேன். என் முகத்தை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"ஒன் மூக்கு எகிப்துக்கு ஒத்து வராது தம்பி. கழுத்து நல்லா இருக்குது. வாத்துக்கு வெச்சிக்கிறேன்."

அந்தப் படகின் பாத்ரூம் சுவரில் தாமரைக்கு நடுவே நீந்தும் வாத்துகள் அனைத்தும் நான்தான்.

நீலம் லேசில் வரவில்லை. முதலில் பாசிப் பச்சையாக வந்தது. அப்புறம் கத்திரிக்காய் நிறத்தில் வந்தது. அக்கா சூளை முன்னால் நின்று, நன்றி கெட்டவன், தின்னத்தான் லாயக்கு என்றெல்லாம் அர்ச்சனை செய்தார். மேடம் போனில் கலவை சொல்ல, ஓட்டின்மேல் பூசும் கிளேஸைக் கலக்குபவர் கூட்டிக் குறைக்க, ஒரு காலையில் சூளைக் கதவைத் திறந்தால் உள்ளே அந்த நீலம் இருந்தது. அக்கா சூளையின் செங்கல்லைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த கவலை ஆட்டம். படகின் இன்ஜின் அதிரும், அலை தூக்கிப் போடும், ஓடு பெயர்ந்துவிடக் கூடாது. உள்ளே தேன்கூடு மாதிரி காலியாக இருக்கும் லேசான பலகையில் மெல்லிய ஓடுகளை ஒட்ட வேண்டும் என்றார் மேடம். ஒட்டினோம். நிற்குமா என்று எப்படித் தெரியும்? நம்ம ரோட்டைவிடக் கடல் என்ன ஆடிவிடப்போகிறது என்றார் அக்கா. பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும் டிராக்டரின் டிரெய்லர் பக்கவாட்டில் பலகையைக் கட்டி, தான் டிரைவருக்குப் பக்கத்தில் மட்கார்டில் ஏறிக்கொண்டார். போகும்போது முழுசாகப் போன நீலச் சுவர், திரும்பும்போது பொக்கைவாயாக வந்தது. பசையை மாற்றி, ரப்பர் மாதிரி இழுபடும் ஒன்றைத் தேடிப் பிடித்தோம்.

இரண்டாவது சோதனை ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில். பலகையைக் கடைசி சீட்டுக் கம்பியில் கட்டினோம். அதில் இருந்தது சோதனைக்காக அக்கா வரைந்து பார்த்த, நரித் தலையோடு ஒரு எகிப்து சாமி. கண்டக்டர் இது லக்கேஜா ஆளா என்று குழம்பினார். வராகப் பெருமாளைச் சேவிக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா, பைரவர் சம்பந்தப்பட்டது என்று நினைத்து ஒரு முழம் மல்லிகையை அதன்மேல் சாத்திவிட்டார். ஸ்ரீமுஷ்ணத்தில் இறக்கியபோது ஓடும் விழவில்லை, பூவும் விழவில்லை. அக்கா பூவை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

அப்படியாக எல்லாம் முடிந்து, சரக்கை வைக்கோல் வைத்துக் கட்டி, லாரிக்கும் சொல்லியாயிற்று. அப்போதுதான் மேடத்தின் போன் வந்தது. குரலே சரியில்லை. படகு வாங்கும் வீட்டம்மாவிடம் உறவுக்காரர் யாரோ, ஹாலில் வரப்போவது சாவுப் படம் என்று சொல்லிவிட்டார். விசாரித்தால் உண்மைதான். அந்த நாட்டில் கிடைத்த சித்திரங்களில் பாதி கல்லறைக்குள் கிடைத்தவை. மேடம் தேர்ந்தெடுத்து அக்காவிடம் மாதிரிக்குக் கொடுத்த படத்தில், படகின் நடுவே பந்தலுக்குக் கீழ் படுத்திருப்பவர் செத்தவர். அக்கரைக்கு அடக்கம் செய்யக் கொண்டுபோகிறார்கள். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை அந்தப் படகில்தான் முதன்முதலாக ஏற்றப்போகிறார்களாம். வீட்டம்மா நேரில் வந்து பார்க்கிறார், பிணம் இருந்தால் ஒரு ஓடுகூட வேண்டாம் என்கிறார். கார் உளுந்தூர்பேட்டை தாண்டியாகிவிட்டது, இன்னும் அரை மணியில் வாசலுக்கு வந்துவிடும்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கலர் அடிக்கும் பெண்கள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்கள். இந்த வேலையை நம்பி ஒருத்தி மகளை நர்ஸிங் சேர்த்திருந்தாள். ஒருத்தி கரும்பு வெட்டப் போவதை விட்டுவிட்டு வந்திருந்தாள். சித்திரம் முழுவதும் அக்கா தனியாகச் செய்தது. யாரையும் கிட்டே விடாமல், சூளையிலிருந்து எடுத்ததும் தானே பலகையில் ஒட்டி, பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார். நாங்கள் யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நேராகப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

வீட்டம்மா வந்தார். நல்ல உயரம், பட்டுப் புடவை, சிரிப்பில்லாத முகம். பின்னாலேயே மேடம், அழுது துடைத்த கண்ணோடு. முதலாளி ஜூஸ் என்றார், வேண்டாம் என்றார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நான்தான் ஆணியைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் வைக்கோல் முழுக்க என் சட்டையில்.

பலகையை நிமிர்த்தி வைத்தோம். நீல நதி, தங்கக் கோடு போட்ட படகு, துடுப்புப் போடுபவர்கள். நடுவில் பந்தல். அதன் கீழ் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒரு பெண் பரிமாறினாள், அந்தப் பக்கம் ஒருத்தி விசிறினாள். முகங்கள் பக்கவாட்டில், கண்கள் நேராக, எல்லாம் சுத்தமான எகிப்து. தட்டில் வெள்ளையாக வட்டமாக அடுக்கியிருந்தது ரொட்டியா இட்லியா என்று இன்றுவரை சர்ச்சை உண்டு.

வீட்டம்மா பந்தலுக்குக் கீழே இருந்தவரைக் குனிந்து பார்த்தார்.

"செத்தவருன்னு சொன்னாங்களே" என்றார்.

"சாப்புடுறவரு எப்பிடிம்மா செத்தவரு ஆவாரு?" என்றார் அக்கா.

வீட்டம்மா கிட்டே போய்த் தட்டைத் தொட்டுப் பார்த்தார். பரிமாறும் பெண்ணின் வளையல் நன்றாக இருக்கிறது, இதேபோல் தன்னிடம் ஒன்று இருக்கிறது என்றார். பிறகு, சாப்பாட்டைக் கண்டால் தன் வீட்டுக்காரரும் இப்படித்தான் உலகத்தை மறந்துவிடுவார் என்று சொல்லிச் சிரித்தே விட்டார். லாரியை வரச் சொல்லுங்கள் என்றார். முதலாளி வெளியே போய்ப் பானையோடு தண்ணீரைத் தூக்கிக் குடித்தார். மேடம் களிமண் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முன்னாடியே இதைப் பார்த்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

செத்தவர் என்று தெரிந்துதான் மாற்றினீர்களா என்று அக்காவிடம் பிறகு கேட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியாதாம். உடம்பு சரியில்லாதவர் என்று நினைத்திருக்கிறார்.

"படுத்தே கெடந்தாரு தம்பி. சுத்தி அத்தினி பேரு நிக்கிறாங்க, ஒருத்தரும் ஒண்ணும் குடுக்கல. மனசு கேக்கல. எழுப்பி ஒக்கார வெச்சேன்."

படத்தை மாற்றியது தெரிந்தால் திட்டு விழுமே என்றுதான் ஒருவரிடமும் காட்டாமல் மூடிவைத்திருக்கிறார். முகத்தில் ரத்தம் இல்லாமல் நின்றதும் அந்தப் பயத்தில்தானாம்.

படகு இன்றும் ஓடுகிறது. ஒரு ஓடுகூடப் பெயரவில்லை என்று மேடம் வீடியோ அனுப்பினார். அந்தப் படகைப் பார்த்து வேறு இரண்டு படகுக்காரர்கள் வந்தார்கள். ஷட்டர் இறங்கவில்லை. ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த மத்தியானம்தான். கார் கிளம்பிப்போனதும் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார், உட்கார்ந்த வாக்கில் தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பெண்கள் சத்தம் வராமல் வேலையைத் தொடர்ந்தார்கள். முதலாளியே எழுந்துபோய் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார். நான் ரோட்டுக்கு ஓடி, சரக்கு ஏற்ற எஸ்டேட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் வரச் சொன்னேன்.