சொட்டரின் உள்ளங்கையில் விழுந்த பேர்பன்

திருகோணமலைத் துறைமுகத்தில் இதுவரை வந்திறங்கிய கப்பல்காரர் அத்தனை பேரின் மூக்குகளையும் தராசின் ஒரு தட்டில் வையுங்கள்; மற்றத் தட்டில் எங்கள் சொட்டரின் மூக்கை மட்டும் வையுங்கள். சொட்டரின் தட்டுத்தான் கீழே போகும். நான் சொல்வது பருமனை. திறமையைக் கேட்டால், அந்த மூக்கு அவரை ஒருநாளாவது சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டதாக எனக்கு ஞாபகமில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நானும் சொட்டரும் துறைமுக வீதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்தோம். அவர் பெரிய கிளாக்கர், நான் ரைப்பிஸ்ட். அவருடைய சொந்தப் பெயர் பென்சன் அனுப்புகிறவர்களுக்குத்தான் தெரியும். கந்தோரில் யாராவது ஒரு போத்தலின் மூடியைத் திருகினால் போதும், அது நல்லெண்ணெயோ அத்தரோ இருமல் பாணியோ, சொட்டர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி வருவார். கையை நீட்டுவார். "பிள்ளை, ஒரு சொட்டு விடு." உள்ளங்கையில் விழுந்த சொட்டை மற்றக் கையால் தேய்த்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தி, கண்ணை மூடி இழுப்பார். பிறகு நுனிநாக்கால் ஒரு தொடல். பிறகு தீர்ப்பு. எங்கள் டவுனில் தெருவெல்லாம் திரிகிற மான்கள்கூட இப்படிக் கண்ட கண்ட பையிலெல்லாம் மூக்கை விடாது.

சாராயத்துக்கும் இதே முறைதான். கலியாணத்துக்கு முதல் பெண்ணின் தகப்பன், "கிளாசைத் தொடமாட்டன் எண்டு கோயில்ல வைச்சுச் சொல்லும், பிள்ளையைத் தாறன்" என்றாராம். இவர் மாதாவின் முன்னால் நின்று அப்படியே சொன்னார். இன்றுவரை கிளாசைத் தொட்டதில்லை. உள்ளங்கை கிளாசில்லையே! ஒரு சொட்டுக்கு மேல் வாங்கியதும் இல்லை, ஆனால் அந்த ஒரு சொட்டுக்கு அரை மணித்தியாலம் பிரசங்கம் வைப்பார். முழுப் போத்தலையும் குடித்தவன் எழும்பிப் போன பிறகும் இவருடைய கதை முடியாது.

தீர்ப்புகளைக் கேட்கிறீர்களா? ஒருமுறை கந்தோர் வேலையாக பஸ்ஸில் போகும்போது, சீனன்குடா எண்ணெய்க் குதங்களுக்குக் கிட்ட சொட்டர் துள்ளி எழும்பினார். "நிப்பாட்டு! எண்ணெய் ஒழுகுது! ஒருத்தரும் நெருப்புப்பெட்டியைத் தொடக்கூடாது!" பஸ் நின்றது. சனம் மூட்டை முடிச்சோடு இறங்கி ஓடியது. துவக்கோடு ஒரு விமானப்படைக்காரன் வந்து விசாரித்தான். கடைசியில் பார்த்தால், பின் சீற்றில் இருந்த கிழவர் முழங்காலுக்குப் பூசியிருந்த நோவெண்ணெய். சொட்டர் அசையவில்லை. "நோவெண்ணெயும் எண்ணெய்தானே? நான் என்ன எண்ணெய் எண்டு சொன்னனானோ?" என்றார். அன்றைக்கு நான் அவரைத் தெரியாதமாதிரி வேறு பஸ்ஸில் வந்தேன்.

கிண்ணியாவில் மரம் விற்கும் மரக்காலை வைத்திருக்கும் நசீர் நானாவின் கதை இன்னும் மோசம். கப்பலில் சாமான் அடுக்கப் பலகை கொடுக்கிறவர் அவர். எங்கள் எல்லோருக்கும் வேண்டியவர். ஒரு நாள் ஆசையாக ஒரு போத்தல் காட்டுத்தேன் கொண்டுவந்தார். சொட்டர் கையை நீட்டினார், தேய்த்தார், மணந்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"நானா, உங்களை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள். இது சீனிப்பாணி. அதுவும் கந்தளாய்ச் சீனி. அந்த ஆலையின்ர மணம் எனக்கு நல்லாத் தெரியும்."

"மச்சான், அந்த ஆலைய மூடி எவ்வளவு காலம்! அதுக்குள்ள இப்ப மாடு மேயுது."

"அப்ப இது பழைய சீனி," என்றார் சொட்டர். நசீர் நானா சிரித்த சிரிப்பில் கந்தோர் மனேச்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

பென்சன் எடுத்த பிறகு சொட்டருக்கு எங்கள் தெருக்கள்தான் கந்தோர். பின்னேரம் வெளிக்கிட்டு வீடு வீடாக வருவார். சும்மா வந்து கதிரையில் இருக்கக் கூச்சப்படுகிற மனுசன் அவர். "என்ன பிள்ளை, புதுப் போத்தல் ஏதும் திறந்தனீரோ?" என்ற சாட்டில்தான் படியேறுவார். அந்தச் சாட்டை எடுத்துவிட்டால் அவர் ஒரு வீட்டுக்கும் வரமாட்டார். இது எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். ஆகவே போத்தலைக் காட்டுவோம், பிழையான தீர்ப்பை வாங்குவோம், தேத்தண்ணி கொடுத்து அனுப்புவோம்.

இதற்குத்தான் போன வருடம் ஆபத்து வந்தது, ரொறன்ரோவிலிருந்து, ஜெராட் என்ற உருவில். ஜெராட் சொட்டரின் மனைவி பிலோமினா அக்காவின் தம்பி. மீசை முளைக்கும் வயதில் நாட்டை விட்டுப் போனவன். அங்கே போய் விஸ்கி சுவைக்கிறவர்களின் சங்கம் ஒன்றில் சேர்ந்து, அதற்கென்று வயிறு பெருத்து வாய் ஒடுங்கிய ஒரு கிளாசும் கையுமாகத் திரிகிறவனாகிவிட்டான். வந்திறங்கிய அன்றே சொட்டர் அவனுடைய விலைகூடிய சென்டில் ஒரு சொட்டு வாங்கி, "நல்ல நுளம்பு மருந்து, இனி ஒண்டும் கடிக்காது" என்று சொல்லிவிட்டார். அந்தச் சூடு ஜெராட்டுக்கு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னையும் நசீர் நானாவையும் அழைத்திருந்தார்கள். நானா வழக்கம்போலத் தன் கோழியைத் தானே ஹலாலாக வெட்டிக் கொண்டுவந்து குசினியில் கொடுத்திருந்தார். கோழி மேசைக்கு வந்த கையோடு ஜெராட் கடதாசியால் சுற்றிய ஒரு போத்தலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான்.

"அத்தான், இவ்வளவு நாளும் நான் ஒண்டும் கதைக்கேல்ல. உங்கட மூக்கால ஊர் சிரிக்குது. அக்கா தலை குனிஞ்சு திரியிறா."

"நான் எங்க தலை குனிஞ்சனான்? எனக்குக் கழுத்து நோ," என்றார் பிலோமினா அக்கா.

"நீங்கள் சும்மா இருங்கோ அக்கா. அத்தான், இது பேர்பன் விஸ்கி. சோளத்தில வடிக்கிறது. மற்றவை அதோட றை எண்ட தானியம் போடுவினம், இவங்கள் கோதுமை போட்டிருக்கிறாங்கள், அதால மெத்தெண்டு இருக்கும். முதல் ஓக் பீப்பாவுக்க வைச்சிட்டு, கடைசிக் கொஞ்சக் காலம் வேற ஒரு மரத்தின்ர பீப்பாவுக்க மாத்தியிருக்கிறாங்கள். அதுதான் இதின்ர விசேசம். அந்தக் கடைசி மணம் என்னெண்டு சொல்லுங்கோ. எங்கட சங்கத்தில ஒருத்தராலயும் ஏலாமப் போச்சு. சொன்னா, இனி நான் எந்தப் போத்தல் திறந்தாலும் முதல் சொட்டு உங்களுக்கு. பிழைச்சால் இண்டையோட சரி. இனி ஒருத்தரிட்டயும் கை நீட்டக்கூடாது. எந்த வீட்டிலயும், எந்தப் போத்தலுக்கும்."

"வேண்டாம் ஐயா, சாப்பிடுவம்," என்றேன். சொட்டரா கேட்பார்! "ஓம்! விடு சொட்டை!" என்று கையை நீட்டிவிட்டார். நடுவர் வேண்டுமே? மேசையில் வெறியில்லாமல் தீர்ப்புச் சொல்லக்கூடியவர் தான்தான் என்று நசீர் நானா தன்னைத் தானே நியமித்துக்கொண்டு, இஞ்சிச் சோடாவை ஒரு மிடறு குடித்தார்.

சொட்டு விழுந்தது. தேய்த்தார். முகத்தைப் பொத்தினார். "பாண். பேக்கரிப் போறணையில இருந்து இப்ப இறக்கின பாண். அதின்ர கருகின கரை. பிறகு சீனி காய்ச்சின மணம். நத்தார் கேக்குக்கு விடுற வனிலா." ஜெராட் புருவத்தை உயர்த்தினான். இதுவரைக்கும் பிழையில்லை. சொட்டர் நுனிநாக்கால் தொட்டார். "சண்டைக்கு வராத சாமான். தேன் மாதிரி இறங்குது. பிறகு கொஞ்சம் ஏலக்காய். பிறகு..."

பிறகு ஒன்றும் வரவில்லை. ஐயோ, சொட்டர் யோசிக்கிறார்! பஸ்ஸை மறித்தபோது யோசிக்காதவர், தேனைச் சீனியாக்கியபோது யோசிக்காதவர், கையை முகத்தில் வைத்தபடி அப்படியே இருக்கிறார். பிலோமினா அக்கா கறிச்சட்டியைப் பிடித்தபடி நிற்கிறார். நாளைப் பின்னேரம் இந்த மனுசன் எங்கே போய் இருப்பார் என்றுதான் எனக்கு ஓடியது.

சொட்டர் கையை எடுத்தார். "இது எங்கட அறைக்க இருக்கிற அலுமாரி," என்றார்.

ஜெராட் கதிரையில் சாய்ந்து சிரித்தான். கண்ணால் தண்ணி வரும்வரை சிரித்தான். "அலுமாரியோ! அத்தான், கென்டக்கியில உங்கட அலுமாரியை ஆர் உடைச்சுப் பீப்பா செய்தது? பிழை! இது முந்தி சிலோன் சாராயம் வைச்சிருந்த பீப்பா. ஹல்மில்ல மரம்!" என்று சொல்லிப் போத்தலின் மூடியை இறுக்கினான்.

சொட்டர் தன் உள்ளங்கையை மெல்ல மடக்கி, மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. கோழித் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையும் வந்தது, அந்த ரொறன்ரோக்காரனின் தலையில் சட்டியைக் கவிழ்க்கவும் மனம் வந்தது.

"பொறுங்க, பொறுங்க," என்றார் நசீர் நானா. வாயிலிருந்த எலும்பை ஓரமாக வைத்தார். "தங்கச்சி, அந்த அலுமாரி என்ன மரம்?"

"அப்பா எனக்குச் சீதனத்துக்குச் செய்விச்சது நானா," என்றார் பிலோமினா அக்கா. "சவண்டலை."

நசீர் நானா மேசையில் ஒரு தட்டுத் தட்டினார், சோடாக் கிளாஸ் துள்ளியது. "தம்பி ஜெராட்! நான் மரம் விக்கிறவன். சிங்கள ஆக்கள் வந்து ஹல்மில்ல கேட்டா நான் குடுக்கிறது எத? சவண்டலைய! ரெண்டும் ஒரே மரம். அதுவும் எங்கட பக்கத்துக் காட்டு மரம். எழும்புங்க எல்லாரும், அறைக்குப் போவம்!"

போனோம், ஊர்வலமாக. பிலோமினா அக்கா திறப்பைத் திருகி அலுமாரியைத் திறந்தார். நானா தலையை உள்ளே விட்டு இழுத்தார். "அலுமாரிப் பக்கம் நான் சொல்லுவன். மத்தப் பக்கம் எனக்கு ஹராம். பிள்ளை, நீங்க மணந்து சொல்லுங்க," என்றார். இப்படியாகப் பூசைக்குப் போய்வந்த சாறியோடு நான் கையை நீட்டினேன். ஜெராட் ஒரு சொட்டு விட்டான். தேய்த்து மணந்தேன், அலுமாரிக்குள் தலையை விட்டேன், வெளியே எடுத்துத் திரும்ப மணந்தேன். முதலில் பாண்தான் வந்தது. அது போனதும் அடியில் கிடந்தது பாருங்கள், அதேதான்! சந்தேகமே இல்லை!

"அலுமாரி!" என்று கத்தினேன்.

ஜெராட் நம்பவில்லை. தன்னுடைய வயிறு பெருத்த கிளாசில் ஊற்றிக்கொண்டு, ஒரு கையில் கிளாசோடு அக்காவின் சாறிகளுக்குள் தலையை விட்டான். விட்டவன் எடுக்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"டேய், சாறியில ஊத்திப் போடாத," என்றார் பிலோமினா அக்கா.

அவன் தலையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. "உங்களோட இருக்கேக்க அம்மாவும் இதுக்குள்ளதானே அக்கா சாறி வைக்கிறவ," என்றான். "அங்க இந்தப் போத்தலைத் திறக்கேக்கெல்லாம் எனக்கு அம்மாவின்ர ஞாபகம் வரும். ஏனெண்டு விளங்காது. விஸ்கி குடிக்கேக்க அம்மா ஞாபகம் வருதெண்டு நான் ஆரிட்டச் சொல்லுறது?" பிறகு சொட்டரின் கையைப் பிடித்து, மடக்கியிருந்த விரல்களைத் தானே விரித்து, இன்னொரு சொட்டு விட்டான். "அத்தான், நீங்கள் சொன்னது சரி. நூற்றுக்கு நூறு சரி."

அதற்குப் பிறகு சொட்டரை யாரால் பிடிக்க முடியும்! சாப்பாட்டை விட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கினார். அந்த வழியால் போய்க்கொண்டிருந்த சனத்தை மறித்து மறித்துச் சொன்னார். பின்னேரமாகும்போது அயலட்டை முழுவதும் வீட்டுக்குள் வந்து, ஒரு கையில் சொட்டோடு வரிசையில் நின்று அலுமாரிக்குள் தலையை விட்டது. "என்ர பாவாடை சட்டையெல்லாம் ஊர் பாக்குது," என்று பிலோமினா அக்கா சத்தம் போட்டார். ஆனால் அலுமாரியைப் பூட்டவில்லை. வந்த எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்து, "அவர்தான் கண்டுபிடிச்சவர்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கழுத்து அன்றைக்கு நன்றாகவே நிமிர்ந்திருந்தது. சொட்டர் கட்டிலில் குந்தியிருந்து இறுதித் தீர்ப்பு வழங்கினார்: "நல்ல விஸ்கி. மெத்தெண்ட குணம், அடக்கமான இனிப்பு, நீளமான மணம். ஆனால் ரெண்டிலயும் அலுமாரிதான் திறம்."

ஜெராட் சொன்ன சொல் தவறவில்லை. ரொறன்ரோவிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் அவர்களுடைய பெட்டிக்குள் துணி சுற்றிய சின்ன மருந்துக் குப்பி ஒன்று வருகிறது. சொட்டர் மணந்து பார்த்து, தொலைபேசியில் தீர்ப்புச் சொல்கிறார். எல்லாம் பிழை. போன மாதம் வந்ததை மீன் எண்ணெய் என்றார். ஜெராட் அந்தப் பக்கத்திலிருந்து, "ஓம் அத்தான், நானும் அப்பிடித்தான் நினைச்சனான்," என்றானாம்.

நானும் இப்போது ஒரு பழக்கம் பழகிவிட்டேன். பின்னேரத்தில் வீட்டில் எந்தப் போத்தலைத் திறந்தாலும், முதலில் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் மூடியைத் திருகுகிறேன்.