பிறைமர் அண்ணை கறுப்பு அடிக்கமாட்டார்

வன்னியில் விளைகிற பிடிவாதம் முழுவதையும் ஒரே ஆள் மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறார். முரசுமோட்டையில், முல்லைத்தீவுக்குப் போகிற வீதியோரம், தகரக் கொட்டகை போட்டு வெல்டிங் செய்கிறார். அவருடைய மனதை மாற்றிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. நான் முயன்றேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். தோற்றேன். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் பிறைமர் அண்ணை. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க முதலில் அடிக்கிற செங்கல் நிறப் பூச்சு இருக்கிறதே, அதுதான் பிறைமர். மற்ற வெல்டிங்காரர்கள் அதை அடித்து, காயவிட்டு, மேலே கறுப்போ வெள்ளியோ அடித்துக் கொடுப்பார்கள். இவர் பிறைமரோடு நிறுத்திவிடுவார். மேல்பூச்சு வேண்டுமென்றால் அந்தச் சாமான் முதலில் ஓர் அடி வாங்க வேண்டும்.

"புது வெல்டுக்கு மேல கறுப்பு அடிச்சா வெடிப்புத் தெரியாது. பிறைமரில தலைமயிர் அளவு வெடிப்பும் கோடு போட்டுக் காட்டும். அடி வாங்கட்டும். வெடிக்காட்டி நானே கறுப்பு அடிச்சுத் தாறன்."

இதுதான் அவருடைய சட்டம். இதனால் எங்கள் பக்கத்தில் பாதி வாசற் படலைகள் செங்கல் நிறத்தில் நிற்கின்றன. ஒரு வீட்டு இரும்புப் படலை ஏழு வருடமாக ஒரு மாடு வந்து முட்டுமென்று காத்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் மாடுகளைப் பார்த்தால் வழிவிட்டு நிற்பார்.

என் கதைக்கு வருகிறேன். நான் இரண்டு வரிசை இருக்கை உள்ள ஒரு பழைய டபிள் கப் பிக்கப் வாங்கினேன். வன்னியில் மலை கிடையாது, பாறையும் பெரிதாகக் கிடையாது. ஆனால் வெட்டிய மரங்களின் அடிக்கட்டை இருக்கிறது. காடு வெட்டிய இடமெல்லாம் முதிரைக்கட்டை, பாலைக்கட்டை, புல்லுக்குள் ஒளிந்துகொண்டு நிற்கும். வாங்கிய மாதமே ஒரு பாலைக்கட்டை கதவுக்குக் கீழே இருக்கிற விளிம்பை நசுக்கிவிட்டது. கதவு இறுகிப்போனது. சாரதிப் பக்கக் கதவுதான். அதைத் திருத்தும்வரை ஒன்றரை மாதம் நான் இடது பக்கத்தால் ஏறி, கியரைத் தாண்டி, என் இருக்கைக்குப் போனேன். கோயிலடியில் ஒருமுறை அப்படி இறங்கியபோது இடுப்பில் கட்டியிருந்த சாரம் கியரில் மாட்டிக்கொண்டது. அதைப் பற்றி மேலும் எழுதப் போவதில்லை.

அந்த நேரத்தில்தான் வாய்க்கால் திருத்துகிற கம்பனி ஒன்று வாடகைக்கு வாகனம் தேடியது. கிடைத்தால் இரண்டு வருட வேலை. கிடைக்காவிட்டால் பிக்கப்பை விற்றுவிட்டு நான் பழையபடி மற்றவனின் லொறிக்குச் சாரதியாகப் போக வேண்டும். எனக்கு மற்றவனிடம் கைகட்டி நிற்கத் தெரியாது, நின்ற ஒவ்வொரு இடத்திலும் சண்டை. ஆகவே அந்த வேலை எனக்கு வேண்டும். கம்பனியின் கடிதத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. கதவுகளுக்குக் கீழே, இரண்டு பக்கமும், கட்டையும் கல்லும் இடித்தால் தாங்குகிற பாதுகாப்புக் குழாய் இருக்க வேண்டும். வாகனத்தில் பூச்சு முடியாத பகுதி எதுவும் இருக்கக் கூடாது.

குழாய் வேலையைப் பிறைமர் அண்ணையிடம் கொடுத்தேன், ஆனால் இரண்டாவது நிபந்தனையை அவரிடம் நான் சொல்லவில்லை. என் பிழை அதுதான்.

முதலில் வவுனியாவில் ஒரு கடையில் பார்த்த பளபளப்பான குழாயின் படத்தைத் தொலைபேசியில் காட்டினேன். முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றினார்.

"இது கால் வைச்சு ஏறுற படி தம்பி. நீர் ஏறலாம். கட்டை ஏறினா?"

பிறகு குழாய் தெரிவு செய்ய என்னையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். அங்கே இரும்புக் கடை முதலாளி இவரைக் கண்டதும் எழும்பி நின்றார். மரியாதை என்று நினைத்தேன், பயம். பிறைமர் அண்ணை குழாய் வாங்குகிற முறை இது: இரண்டு சீமெந்துக் கல்லை எடுத்து வைப்பார், அவற்றுக்குக் குறுக்கே குழாயை வைப்பார், மேலே ஏறிக் குதிப்பார். ஆள் நல்ல பாரம். வளைந்தால் "இது தகரத்தைச் சுருட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பார். அன்றைக்கு நான்கு குழாய்களை வளைத்தார். ஐந்தாவது வளையவில்லை. அவருடைய செருப்புத்தான் அறுந்தது. "இதுதான்" என்றார். செருப்பு அறுந்ததில் அவருக்கு அப்படியொரு சந்தோசம்.

வேலை ஒரு கிழமை நடந்தது. அதில் மூன்று நாள் அவர் வாகனத்துக்குக் கீழேயே படுத்திருந்தார். வேலை செய்யவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடும் கீழேதான் போனது. குழாயை அடிச்சட்டத்தோடு ஒரேயடியாக வெல்ட் வைத்துவிடுங்கோ, சுகமான வேலை என்று நான் குனிந்து சொன்னேன். கீழேயிருந்து பதில் வந்தது.

"உமக்கு இடுப்பில காற்சட்டை நிக்க பெல்ட் கட்டுறதோ, தையல் போடுறதோ?"

தகடு வைத்துத் திருகாணி போட்டு இறுக்கினார். குழாய் கதவைவிட ஒரு சாண் வெளியே நின்றது, சற்று மேல்நோக்கிச் சரிந்து. கட்டை வந்தால் குழாயில் ஏறி வழுக்கிக்கொண்டு போக வேண்டுமாம், கதவைத் தொடக் கூடாதாம். வேலை அருமை. அதை நான் மறுக்கமாட்டேன். கடைசி நாள் பிறைமர் அடித்தார். தூரிகையைக் கழுவினார். போகலாம் என்றார்.

கறுப்பு எங்கே என்று கேட்டேன். அடி எங்கே என்று கேட்டார்.

கடிதத்தை எடுத்துக் காட்டினேன். கம்பனி பார்வையிட வருகிற நாளைச் சொன்னேன். இந்த வேலை இல்லாவிட்டால் பிக்கப் போய்விடும் என்று சொன்னேன். கத்தினேன். அவர் எனக்குப் பால் விடாத ஒரு பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டு அடுத்த ஆளின் தண்ணீர்த் தொட்டிக் காலைப் பார்க்கப் போய்விட்டார்.

பரந்தனில் பெயின்ற் அடிக்கிற ஒருவரிடம் போனேன். குழாயைக் கண்டதும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முன்பு ஒருமுறை இப்படித்தான் ஒருவருக்குக் கறுப்பு அடித்துக் கொடுத்தாராம். அந்த ஆள் அந்த வாகனத்தில் ஒரு கலியாணத்துக்குப் போயிருக்கிறார். அதே கலியாணத்துக்குப் பிறைமர் அண்ணையும் வேட்டி சால்வையோடு போயிருக்கிறார். வாசலில் கறுப்பைக் கண்டிருக்கிறார். நேரே வீட்டுக்குப் போய் இரும்பு தேய்க்கிற, பற்றரியில் ஓடுகிற கிறைண்டரைக் கொண்டுவந்து, உள்ளே தாலி கட்டுகிற நேரம் வெளியே பூச்சு முழுவதையும் உரித்துவிட்டாராம். நெருப்புப்பொறி பறந்ததைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வாணவேடிக்கை என்று கைதட்டினார்களாம். "அந்தாளின்ர பைப்பில நான் கை வைக்கமாட்டன்" என்றார் பெயின்ற்காரர்.

வீட்டுக்கு வந்து மனிசியிடம் கத்தினேன். அவா என் பக்கம் நிற்பா என்று பார்த்தால், "பவுடர் பூசினா புண் தெரியாதுதானே, அந்தாள் சொல்றதில என்ன பிழை" என்று கேட்டா.

சரி, அடிதானே வேண்டும், நானே அடிக்கிறேன் என்று முடிவெடுத்தேன். எங்கள் காணியின் மூலையில் நின்ற முதிரைக்கட்டையைக் குறிவைத்துப் பிக்கப்பைக் கொண்டுபோய் இடித்தேன். குழாயில் நல்ல அடையாளம். நேரே கொட்டகைக்கு ஓடினேன். பிறைமர் அண்ணை வாகனத்துக்குக் கீழே போனார். அரைமணித்தியாலம் கழித்து வெளியே வந்தார்.

"இது நீர் வேணுமெண்டு இடிச்சது."

இல்லையென்று சத்தியம் செய்தேன். அவர் அடையாளத்தில் விரலை வைத்தார்.

"தெரியாமல் இடிச்சா அடி ஒரு இடத்தில துவங்கி ஓடும். இது குத்திப்போட்டு நிண்டிருக்கு. இடிக்க முதலே பிறேக்கில கால் வைச்சிட்டீர். இது கள்ள அடி."

சொல்லிவிட்டு அந்த அடையாளத்துக்கு மேலே புதிதாகப் பிறைமரை அடித்து மூடிவிட்டார். கள்ள அடிக்குக் குழாயில் ஓர் அடையாளமும் மிஞ்சக் கூடாதாம்.

பார்வையிடுகிற நாள் வந்தது. எங்கள் ஊர் வாய்க்கால் கட்டில், கரையோர மண்பாதையில், காலை எட்டு மணிக்கு. எனக்குப் பின்னால் இன்னொருவர் பளபளப்பான படி பூட்டிய பிக்கப்போடு நின்றார். கம்பனி இஞ்சினியர் வந்தார். இளம் ஆள், வெள்ளைச் சப்பாத்து, கறுப்புக் கண்ணாடி. அவருக்குப் பின்னாலேயே சைக்கிளில் பிறைமர் அண்ணையும் வந்து இறங்கினார், ஒரு உரப்பையோடு. எவரும் அழைக்கவில்லை. தன் வேலையைப் பார்க்க வருகிறவனைத் தானும் பார்க்க வேண்டுமாம்.

இஞ்சினியர் குழாயைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார்.

"இது இன்னும் முடியேல்லையே."

"முடிஞ்சுது" என்றார் பிறைமர் அண்ணை. "பெயின்ற்தான் இல்லை."

"பெயின்ற் இல்லாட்டி நான் எடுக்கேலாது ஐயா."

"ஓடிப் பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ."

என் இரண்டு வருடம் போய்விட்டது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இஞ்சினியருக்கு ரோசம் வந்துவிட்டது. தானே ஓட்டுகிறேன் என்று வாகனத் திறப்பை வாங்கினார். நான் பக்கத்தில், பிறைமர் அண்ணை பின்னால், உரப்பையை மடியில் வைத்துக்கொண்டு. வாய்க்கால் கட்டு குறுகல். இடது பக்கம் தண்ணீர் முட்ட ஓடுகிறது. இஞ்சினியர் கொழும்பு வீதியில் ஓட்டுகிற வேகத்தில் ஓட்டினார். மெதுவாகப் போங்கோ என்றேன், கேட்கவில்லை. ஒரு வளைவில் உடும்பு ஒன்று குறுக்கே போனது. அவர் அதற்கு மரியாதை கொடுத்து ஸ்ரியறிங்கை இடது பக்கம் வெட்டினார்.

இடது சில்லுகள் இரண்டும் வாய்க்கால் கட்டின் விளிம்பைவிட்டு இறங்கின. என் யன்னலுக்கு வெளியே வானம் போய்த் தண்ணீர் வந்தது. அடுத்து ஒரு பெரிய சத்தம், இரும்பு கதறுகிற சத்தம். வாகனம் கொஞ்சத் தூரம் உரசிக்கொண்டு போய் நின்றது. கரையில் நின்ற ஒரு பழைய மருதங்கட்டையில் குழாய் ஏறி உட்கார்ந்திருந்தது. அது மட்டும் பிடிக்காவிட்டால் நாங்கள் மூவரும் வாய்க்காலுக்குள். இஞ்சினியரின் கறுப்புக் கண்ணாடி என் மடியில் கிடந்தது.

பின்னாலிருந்து அமைதியாக ஒரு குரல்:

"இந்த அடியை எடுக்கலாம்."

வலது கதவால் ஏறி வெளியே வந்தோம். வயலில் உழுதுகொண்டிருந்த உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து பிக்கப்பை மேலே இழுத்தோம். பிறைமர் அண்ணை முதலில் இடது பக்கக் கதவுகளைத் திறந்து பார்த்தார். இரண்டும் புதுக் கதவுபோலத் திறந்தன, டப் என்று மூடின. பிறகு கீழே போய்ப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இஞ்சினியரையும் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை வெள்ளைச் சப்பாத்தோடு சேற்றில் படுத்துப் பார்த்தார். குழாயில் ஒரு முழ நீளத்துக்குப் பிறைமர் உரிந்து இரும்பு மினுங்கியது. வெல்ட் ஒன்றிலும் கோடு இல்லை.

பிறைமர் அண்ணை உரப்பையை அவிழ்த்தார். உள்ளே பாதி முடிந்த பிறைமர் ரின், திறக்காத கறுப்புப் பெயின்ற் ரின், புதுத் தூரிகை.

இதை எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"பைப் பூட்டின அண்டைக்கே வாங்கி வைச்சனான். நீர் எப்ப ஒழுங்கா இடிப்பீர் எண்டு ஆருக்குத் தெரியும்? அதுதான் போற இடமெல்லாம் காவிக்கொண்டு திரிஞ்சன்."

கறுப்பு ரின்னைத் திறந்து கொடுத்துக்கொண்டே அவரைக் கொஞ்சம் ஏசினேன்.

வெயிலில், வாய்க்கால் கட்டிலேயே, உரிந்த இடத்துக்குப் பிறைமர் தொட்டுக் காயவிட்டு, இரண்டு குழாய்க்கும் கறுப்பு அடித்தார். இஞ்சினியர் பக்கத்தில் குந்தியிருந்து ரின்னைப் பிடித்தார். காயட்டும், திங்கட்கிழமை வேலைக்கு வாங்கோ என்றார். வாகனத்தை யார் ஓட்டினது என்று ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நானும் தலையாட்டினேன். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததே பெரிய விசயம்.

எல்லாரும் புறப்பட்டபோது பிறைமர் அண்ணையைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் கரையில் இறங்கி, மிச்சப் பிறைமரை அந்த மருதங்கட்டைக்கு அடித்துக்கொண்டிருந்தார். அடுத்து வருகிறவன் தூரத்திலேயே காண வேண்டுமாம். எல்லாரும் தன்னிடம் பைப் பூட்டினவர்கள் இல்லையாம்.

அந்த வேலை இன்னும் ஓடுகிறது. அவருடைய கொட்டகையைக் கடக்கும்போது ஹோர்ன் அடித்தால் "வேலை செய்யிற இடத்தில என்ன சத்தம்" என்று ஏசுவார். அதனால் வாய்க்கால் கட்டில் அந்தச் சிவப்புக் கட்டையைக் கடக்கும்போது, ஒவ்வொரு நாளும், அதற்கு ஒருமுறை ஹோர்ன் அடித்துவிட்டுப் போகிறேன்.