பொன்னுக்கு வீங்கியவள்

பல்வலிக்காரி சொல்வதை யாரும் நம்புவதில்லை. கை ஒடிந்தால் கட்டு தெரியும், காய்ச்சல் என்றால் உடம்பு சுடும். பல்வலி மட்டும் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவளுக்கு வருகிற வியாதி என்று மாமியார்கள் நினைக்கிறார்கள். (என் மாமியார் நினைக்கவில்லை. தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.)

நான் மணப்பாறையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வாழ வந்தவள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். புகுந்த வீட்டில் பூ வியாபாரம். விடிந்தால் மல்லிகையும் துளசியும் கூடைகூடையாக வந்து இறங்கும். நானும் மாமியாரும் நாத்தனாரும் உட்கார்ந்து கட்டுவோம். அப்பா எனக்குப் போட்டு அனுப்பிய முறுக்குச் சங்கிலி, நான் வந்த வாரமே மாமியாரின் பெட்டிக்குள் போய்விட்டது. "பத்திரமா இருக்கட்டும்" என்றார். பத்திரமாகத்தான் இருந்தது, என்னிடமிருந்து.

தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை வைக்க அப்பா வந்தார், கையில் ஒரு தூக்கு நிறைய முறுக்கு. கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கல்யாணத்துக்கு அந்தச் சங்கிலியைப் போட்டுக்கிட்டு வாம்மா. வெறுங்கழுத்தோட வந்து நின்னா உங்கம்மா தாங்கமாட்டா."

மாமியாரிடம் கேட்டேன்.

"தாலி ஏறப்போறது உன் தங்கச்சி கழுத்துல. உன் கழுத்தை யாருடி பாக்கப் போறாங்க?"

கோபத்தை மாமியாரிடம் காட்ட முடியுமா? முறுக்கிடம் காட்டினேன். இடது கடைவாயில் ஏற்கனவே சொத்தையாக இருந்த பல் 'கடக்'கென்று பாதியாகிவிட்டது. அப்புறம் வலி என்றால் வலி, காதுக்குள் யாரோ உலக்கை போட்ட மாதிரி. கிராம்பை வைத்துக் கடித்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். சில நாளில் வலி தானாக நின்றுவிட்டது. வைத்தியரே இல்லாமல் குணப்படுத்திக்கொண்ட கெட்டிக்காரி நான் என்று பூக்கூடை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பின்னாலேயே தாடை வீங்கியது.

மாமியார் என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பொன்னுக்கு வீங்கிடி இது" என்றார்.

அந்த வியாதிக்குப் பெயரே அதுதான். தாடை பொன்னுக்கு ஆசைப்பட்டு வீங்குகிறதாம், கழுத்தில் தங்கத்தைப் போட்டால் ஆசை தீர்ந்து இறங்கிவிடுமாம். எனக்குப் பல் ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமியார் பெட்டிச் சாவியை எடுப்பது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் ஒரு மோதிரத்தை நூலில் கோத்துக் கட்டினார். வீக்கம் அசையவில்லை. (அதுவும் என் கட்சி.) மறுநாள் இன்னும் பெரிசாக வீங்கியது. பூ வாங்க வந்த எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "மோதிரத்துக்கெல்லாம் மசியுமா? பெருசா ஏதாச்சும் போடுங்க. மருமகளுக்கு இல்லாததா?" என்றார். நாலு பேர் காதில் விழச் சொன்னதால் மாமியாருக்கு வேறு வழியில்லை. என் சங்கிலி என் கழுத்துக்கு வந்தது.

வெங்கலப் பானையைப் பார்த்தேன், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன், எதில் பார்த்தாலும் சங்கிலி தெரிந்தது. கூடவே ஒரு பூசணிக்காயும் தெரிந்தது. கல்யாணம் வரைக்கும் இந்த வீக்கம் இறங்காமல் இருக்கணும் ரங்கநாதா என்று வேண்டிக்கொண்ட ஒரே நோயாளி நானாகத்தான் இருப்பேன்.

பெருமாள் தாராளமாகக் கொடுத்தார். காய்ச்சல் வந்தது. கஞ்சி இறங்கவில்லை. வீக்கம் தாடையை விட்டுக் கழுத்துக்கு இறங்கியது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர்.

கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர்தான். பிறந்ததிலிருந்து மல்லிகையையே மோந்த மூக்கு.

"என்னடி, உன் வாய்ல இப்படி நாத்தம் அடிக்குது? எங்க, திற பாக்கலாம்."

திறக்க வரவில்லை. ஒரு விரல்கூட நுழையவில்லை. அவர் மறுபேச்சில்லாமல் ஜட்கா வண்டி பிடித்தார். மாமியாரும் ஏறிக்கொண்டார். எனக்குத் துணையாக அல்ல, சங்கிலிக்குத் துணையாக. காவேரிப் பாலத்தில் வண்டி குலுங்கியபோதெல்லாம் நான் தாடையைப் பிடித்தேன், அவர் சங்கிலியைப் பிடித்தார்.

திருச்சி ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர்.

"இது பொன்னுக்கு வீங்கிதானுங்களே?" என்றார் மாமியார்.

"பல்லுக்கு வீங்கியிருக்கு. ஏம்மா, பல்லு வலிச்சுதா உனக்கு?"

"வலிச்சுது. அப்புறம் நின்னுடுச்சு" என்று பல்லிடுக்கில் சொன்னேன்.

"நின்னுச்சா? செத்துப்போச்சு அந்தப் பல்லு! வலி மட்டும் இருந்தப்போ ரெண்டு நாள் பொறுத்து வந்திருந்தாக்கூட ஒண்ணும் ஆகியிருக்காது. வீங்கினா அன்னைக்கே வரணும். காய்ச்சல் வந்து, வாய் திறக்காம, விழுங்க முடியாம உக்காந்திருக்கியே! இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா மூச்சு நின்னிருக்கும். அந்தச் சங்கிலியைக் கழட்டுங்க, கழுத்துல வெட்டணும்."

இப்போது மாதிரி சீழை அடக்க மருந்து மாத்திரை கிடையாது, கத்திதான். நர்ஸ் சங்கிலியைக் கழற்றினாள். மாமியாரின் கை அதற்கு முன்பே நீண்டிருந்தது.

"அதை இங்க குடும்மா."

நான் பிழைப்பேனா என்று அவர் கேட்டது அதற்கப்புறம்தான். கேட்டார், இல்லையென்று சொல்லமாட்டேன்.

கல்யாணத்தன்று நான் தலையோடு சேர்த்துத் தாடையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். "நம்ம வீட்டு சார்பா ஒருத்தி போகணுமில்ல" என்று நாத்தனாரை அனுப்பினார்கள். வெறுங்கழுத்தோடு அனுப்ப முடியுமா? என் சங்கிலியைப் போட்டு அனுப்பினார்கள். அப்பாவுக்கு அப்போதே கண்ணில் புரை. கூட்டத்தில் சங்கிலியைப் பார்த்துவிட்டு, "வந்துட்டியாம்மா!" என்று ஓடிவந்து நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாராம். திரும்பி வந்து இதை என்னிடம் சொல்லிச் சொல்லி அவள் சிரித்தாள்.

என் தாடை சங்கிலி கேட்ட கதை வீட்டில் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பல்வலி என்று கன்னத்தைப் பிடித்தால், "சங்கிலி கேக்குதா?" என்பார்கள். கேட்கவில்லை, வெறும் வலிதான் என்றால் கிராம்பு, உப்புத் தண்ணீர், நாளைக்கோ மறுநாளோ டாக்டர். "கேக்குது" என்று சொல்லிவிட்டால், அதாவது வீங்கிவிட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே இறக்கிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். படித்த பேரன் பேத்திகள்கூட இந்தச் சட்டத்தை மீறுவதில்லை.

ஒவ்வொரு தடவையும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கத்தி பட்டதிலிருந்து என் உதட்டின் இடதுபக்கம் மேலே ஏறாது. பாட்டி குறும்பாகச் சிரிக்கிறாள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.