உடனடியார் சொன்ன ஆமா

என்ன ஆனாலும் சரி, 'வாங்க மாமா' என்ற இரண்டு சொற்களை மட்டும் தன் வாயால் சொல்வதில்லை என்று உடனடியார் தீர்மானம் செய்திருந்தார்.

உடனடியார் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். எழுதிக் கொடுத்த வசனம் எதுவும் இல்லாமல், பார்வையாளர்கள் கேட்டதை அந்த இடத்திலேயே நடித்துச் சிரிக்க வைக்கிற தொலைக்காட்சி நடிகர். அந்த இடத்துக்கு அவர் லேசில் வந்துவிடவில்லை. கடைத் திறப்பு விழாக்களில் குரல் மாற்றிப் பேசினார். பொம்மைப் படத்தில் எருமைக்குக் குரல் கொடுத்தார். தொடர்களில் கதாநாயகனின் நண்பனாக வந்து கண்டவர்களிடமெல்லாம் அறை வாங்கினார். கன்னம் தேய்ந்த பிறகுதான் 'உடனடி மேடை' நிகழ்ச்சி கிடைத்தது.

இப்படி ஊரையே சிரிக்க வைத்தவர் ஒரே ஓர் ஆளைப் பார்த்து நடுங்கினார். மாமனார். தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்த முகம் அது. சிரிப்பதற்கென்று அதில் இடம் ஒதுக்கப்படவே இல்லை. ஒருமுறை சாப்பாட்டின்போது உடனடியார் தன் மிகச் சிறந்த நகைச்சுவையை அவிழ்த்துவிட்டார். மாமனார் மரியாதையாகக் கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்றார். அந்த 'அப்புறம்' காதிலேயே நின்று, அடுத்த வாரம் மேடையில் உடனடியாருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த மனிதர் கூடவே இருந்தால்? அப்புறம் மேடை ஏறின மாதிரிதான்.

மனைவிக்கோ வேறு கவலை.

"அம்மா போனதுலேருந்து அப்பா தனியா கிடக்கிறாருங்க. நேத்தும் அடுப்பை அணைக்க மறந்துட்டாராம். நம்ம வீட்டுல ஒரு அறை சும்மாதானே கிடக்குது?"

"சும்மாவா? அங்கதான் நான் கண்ணாடி முன்னாடி யோசிக்கிறேன்."

"யோசிக்காம பேசறதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

"நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? வரட்டும்."

"மாப்பிள்ளை தன் வாயால கூப்பிட்டாத்தான் வருவேங்கிறார். ஒரு போன் பண்ணி 'வாங்க மாமா'ன்னு சொல்லக் கூடாதா?"

"பண்றேன், பண்றேன்."

மாமனாரின் தன்மானம்தான் உடனடியாருக்கு வேலி. மாதக் கணக்கில் அந்தப் 'பண்றேன்' ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் ஒரு குண்டைப் போட்டார். நிகழ்ச்சிக்குக் கூட்டம் குறைகிறது. ஒரு நடிகரை நிறுத்தப் போகிறோம். அடுத்த நேரலை தம்பதிகள் சிறப்பு. அதில் யார் சறுக்குகிறாரோ அவர் வீட்டுக்குப் போகலாம்.

உடனடியாருக்குத் தூக்கம் போயிற்று. மற்ற நடிகர்களின் மனைவிமார் மேடை கண்டவர்கள். தன் மனைவியோ கும்பலைக் கண்டாலே ஒதுங்குகிறவள். திடீரென்று அவருக்கு ஒரு யோசனை மின்னியது. அவள் திருதிருவென்று விழிப்பாள். தான் தாங்கிப் பிடிப்பதாகக் காட்டி அத்தனை கைத்தட்டலையும் அள்ளிவிடலாம்!

"எனக்கு என்னங்க தெரியும்? என் மானம் போயிடும்" என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"ஒண்ணுமே தெரிய வேண்டாம். ஒரே விதிதான். எதிர்ல இருக்கிறவங்க என்ன சொன்னாலும் 'இல்லை'ங்கக் கூடாது. 'ஆமா'ன்னு ஒத்துக்கிட்டு, மேல ஒண்ணு நம்ம பங்குக்குச் சேர்க்கணும்."

"இல்லைன்னா?"

"மணி அடிச்சுடுவாங்க. ஆட்டம் குளோஸ்."

கத்தி நின்றது. "நான் மட்டும்தான் சொல்லக் கூடாதா, நீங்களுமா?"

"ரெண்டு பேருந்தான்."

"அப்படியா?" என்றாள் மனைவி. "சரி, உங்களுக்காக வர்றேன்."

நேரலை நாள் வந்தது. இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் கையைக் கட்டி நின்றார். மணிக்காரர் மணியில் விரலை வைத்துத் தயாராக இருந்தார். 'ரயில் நிலையம்!' என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அதுதான் காட்சி. உடனடியார் மூச்சை இழுப்பதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க, எங்க அப்பா வர்ற வண்டி இதுதானே?"

உடனடியாருக்குப் பகீரென்றது. மணிக்காரரின் விரலைப் பார்த்தார். "ஆமா... ஆனா அது இந்த ஸ்டேஷன்ல நிக்காது."

"ஆமாங்க, அதனாலதானே சங்கிலியைப் பிடிச்சு இழுக்க ஆள் அனுப்பியிருக்கீங்க!"

கூட்டம் சிரித்தது.

"ஆமா... பாவம், அவனுக்குக் கையில கட்டு."

"ஆமா, காலால இழுத்துட்டான். இதோ வண்டி நின்னுடுச்சு. அப்பா பெட்டியோட இறங்கிட்டார்."

"ஆமா. ரெண்டே நாள்தான் தங்குவார்."

"ஆமாங்க, முதல்ல ரெண்டு நாள்னுதான் சொன்னீங்க. அப்புறம் நீங்களே போன்ல தேம்பித் தேம்பி அழுதீங்க, எங்க கூடவே இருந்துடுங்கன்னு."

கூட்டம் சிரித்து உருண்டது. 'இல்லை' உடனடியாரின் தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் வேலை போச்சு. சொல்லாவிட்டால் வீடு போச்சு. இயக்குநர் கட்டிய கையை அவிழ்த்துக் கொண்டு பார்த்தார்.

"ஆ... மா. மூக்கைக்கூடச் சிந்தினேன்."

மனைவி கேமராவைக் காட்டினாள். "அதோ நிக்கிறார் பாருங்க. நீங்க வாயால கூப்பிட்டாத்தானே வருவார்?"

கேமராவின் சிவப்பு விளக்கு உடனடியாரையே பார்த்தது. மணிக்காரரின் விரல் அசைந்தது.

"ஆமா... வாங்க மாமா" என்றார் உடனடியார். மேலே ஒன்று சேர்க்க வேண்டுமே! "என் அறையையே எடுத்துக்குங்க!"

அரங்கம் எழுந்து நின்று கைத்தட்டியது. இயக்குநர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். வேலை நிலைத்துவிட்டது. அடுத்த வாரமும் மனைவியைக் கூட்டி வரவேண்டுமாம்.

வீடு திரும்பும்போது உடனடியார் மெல்லப் பேச்சை எடுத்தார். "மேடையில சொல்றதெல்லாம் விளையாட்டு. வீட்டுக்கு அது செல்லாது, தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியாதாங்க?" என்றாள் மனைவி. "அப்பாவுக்குத்தான் தெரியாது. மத்தியானத்துலேருந்து பெட்டியோட எதிர்வீட்டுல உட்கார்ந்து டிவி பார்த்துக்கிட்டிருந்தார். நம்ம வீட்டுச் சாவியும் அவர்கிட்டதான்."

வீட்டில் விளக்கு எரிந்தது. கூடத்து நாற்காலியில் மாமனார். அறைக்குள் பெட்டி.

"மாப்பிள்ளை கூப்பிட்டதும் வந்துட்டேன்" என்றார் மாமனார்.

உடனடியார் இடிந்துபோய் நின்றார். இருந்தாலும் நடிகராயிற்றே, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நிகழ்ச்சி எப்படி இருந்துச்சு மாமா?"

"பொண்ணு பேசினப்ப நானே சிரிச்சுட்டேன். நீங்க எப்ப ஆரம்பிப்பீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன் மாப்பிள்ளை, அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."